ஹால் மூலையில் மக்காச்சோளம்: 88 நாளில் 41 மணிகள்

நர்சரிக்காரர் ‘கார்ன் பிளான்ட்’ என்று சொல்லித்தான் கொடுத்தார். 450 ரூபாய். கட்டை போன்ற தண்டு, அதன் உச்சியில் நீள நீளமான இலைகள், இலை நடுவில் மஞ்சள் பட்டை. ஹால் மூலையில் வைத்தோம், நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மகள் கேட்டாள்: “இதுல சோளம் எப்பப்பா வரும்?”

வராது. அது டிரசீனா. ஆப்பிரிக்கக் காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் வளர்கிற இனம். இலை சோளத் தோகை போல வளைந்து தொங்குவதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வீடியோ காலில் அப்பாவிடம் காட்டினேன். பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் மண்ணில் வருஷா வருஷம் மக்காச்சோளம் போடுகிறவர். ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, “நானூத்தம்பது ரூவா குடுத்தியா இதுக்கு? அந்தக் காசுக்கு நெசமான சோளத்தையே வெதைச்சிருக்கலாமேடா” என்றார். அவர் கிண்டலுக்குச் சொன்னார். மகள் பிடித்துக்கொண்டாள்.

இனி இதில் சோளம் என்று எழுதுவதெல்லாம் மக்காச்சோளம்தான். வெள்ளைச்சோளம், இருங்குச்சோளம் எல்லாம் வேறு செடி. நான் கலந்து பேசினால் அப்பா ஒவ்வொரு முறையும் திருத்துவார், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் சுற்று 26 நாளில் முடிந்தது. கதை சின்னதுதான்.

விதை எது என்பதில் ஆரம்பித்தது குழப்பம். மகள் தன் பங்குக்கு, கப்பில் வாங்கிய வேகவைத்த ஸ்வீட்கார்ன் மணி நாலைத் தொட்டியில் புதைத்திருந்தாள். வெந்தது முளைக்காது. மார்க்கெட்டில் வாங்கும் பச்சை ஸ்வீட்கார்னையும் நம்ப முடியாது, அது பால் பிடித்திருக்கும்போதே ஒடித்தது, விதையாக முற்றியிருக்காது. மளிகைக் கடையில் அளந்து தரும் பாப்கார்ன் சோளம் சரிப்பட்டது. வெண்ணெய் தடவிய பாக்கெட் ஆகாது, வெறும் மணியாக இருக்க வேண்டும். பத்து மணியை ஈரத்துணியில் முடிந்துவைத்ததில் ஏழு முளைத்தன. பொரிப்பதற்காக விற்பதில் எழுபது சதவீதம் என்றால் நல்ல விதைதான்.

நாலு நாற்றை ஒரு தொட்டியில் வைத்து வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். டிரசீனாவுக்கு அந்த இடம் அமோகமாக இருந்தது. சோளத்துக்கு இல்லை. இருபதாம் நாள் செடி ஒன்றரை அடி. உயரத்தைப் பார்த்து மகிழ்ந்துபோய் அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். “நூலு மாதிரி இருக்கு. வெயிலுக்கு ஏங்கிப்போயி ஓடுதுடா அது” என்று பதில் வந்தது. தண்டு பென்சில் தடிமன்கூட இல்லை. ஜன்னல் பக்கமே சாய்ந்தது. தொட்டியைத் திருப்பி வைத்தால் இரண்டே நாளில் மறுபடி ஜன்னலைப் பார்க்கும். 26-ஆம் நாள் யாரோ ஃபேனை அஞ்சில் வைத்தார்கள். காலையில் நாலும் படுத்திருந்தன.

படுத்த பிறகுதான் அளக்கத் தோன்றியது. செல்போனில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டேன். துல்லியம் எல்லாம் எதிர்பார்க்கக் கூடாது, ஒப்பிட்டுப் பார்க்க உதவும். காலை பத்து மணிக்கு ஜன்னல் ஓரம்: 1,800 லக்ஸ். மொட்டை மாடியில் அதே நேரம்: 90,000-க்கும் மேல். நம் கண்ணுக்கு ஹால் வெளிச்சமாகத்தான் தெரிகிறது, கண்ணின் பாப்பா விரிந்து சமாளித்துவிடுகிறது. செடிக்கு அந்தச் சலுகை இல்லை. அதிலும் சோளம், கரும்பு போன்றவை ஒளியை உண்பதில் பேராசைக்காரர்கள். நெல், கோதுமையெல்லாம் உச்சி வெயிலில் ‘போதும்’ என்கிற அளவைத் தாண்டியும் சோளம் வாங்கிக்கொண்டே இருக்கும். மெக்சிகோவில் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டுப் புல்லிலிருந்து மனிதன் பிரித்தெடுத்த பயிர் இது. திறந்த வெயிலில் பிறந்த புல். அதைக் கொண்டுவந்து வடக்கு ஜன்னலில் வைத்தது என் தப்பு.

இரண்டாவது சுற்றுக்கு விளக்கு வாங்கினேன். ‘குரோ லைட்’ என்று ஊதா நிறத்தில் விற்கிறார்களே, அது இல்லை. ஹாலில் ஊதா வெளிச்சம் போட்டால் நான் வெளியே போக வேண்டியிருக்கும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். 20 வாட் எல்இடி டியூப் நாலு, வெள்ளை நிறம், மொத்தம் ஆயிரத்துச் சொச்சம். அதைத் தொங்கவிடத்தான் மூளையைச் செலவழிக்க வேண்டியிருந்தது. விளக்கு செடிக்கு ஓர் அடிக்குள் இருக்க வேண்டும், செடியோ வாரத்துக்கு அரை அடி வளரும். தினமும் முடிச்சை அவிழ்த்துக் கட்ட முடியாது. சென்னை அடுக்ககங்களில் பால்கனியில் துணி காயப்போட, கயிறை இழுத்தால் மேலே போகிற கம்பி வைத்திருப்பார்களே, கப்பி வைத்தது, அதில் ஒரு செட் வாங்கி ஹால் கூரையில் பொருத்தினேன். இரண்டு கம்பிக்கு நடுவே நாலு டியூபையும் நைலான் பட்டையால் கட்டினேன். கயிறை இழுத்தால் விளக்கு ஏறும், விட்டால் இறங்கும். இந்த முழு வேலையிலும் நான் பெருமைப்படுகிற ஒரே விஷயம் அதுதான். செடியிலிருந்து ஒரு சாண் மேலே வைத்து அளந்தால் 9,000 லக்ஸ் காட்டியது. ஒரு நாளைக்கு 14 மணி நேரம் எரியவிட டைமர் பிளக். அப்படியும் கூட்டிக் கழித்தால் வயல் செடி ஒரு நாளில் வாங்கும் வெளிச்சத்தில் கால் பங்குக்கும் கீழேதான்.

தொட்டிக்குப் பெயிண்டர் விட்டுப்போன 20 லிட்டர் வாளி இரண்டு. அடியில் துளை போட ஸ்குரூடிரைவரை கேஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்சினேன். பிளாஸ்டிக் உருகிய நாற்றம் சாம்பார் வரை போனது. இதைப் படித்துவிட்டு யாராவது செய்வதாக இருந்தால் மொட்டை மாடிக்குப் போய்ச் செய்யுங்கள். மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, வாளிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் அலசிக் கொட்டிவிட்டுச் சேர்க்க வேண்டும், அதில் உப்பு தங்கியிருக்கும். அடியில் ஆழமான தட்டு. ஒருமுறை தட்டு வழிந்து, கீழ் வீட்டு மாமி மேலே வந்து சீலிங்கைப் பார்க்கக் கூப்பிட்டார்.

இந்த முறை இரண்டு விதை. ஒரு வாளியில் பழைய பாப்கார்ன். இன்னொன்றில் அப்பா விதைத்ததுபோக மிச்சம் வைத்திருந்த வீரிய ரகம், ஊருக்குப் போனபோது ஒரு கைப்பிடி எடுத்து வந்தது. மருந்து பூசிய விதை, ரோஸ் நிறத்தில் மிட்டாய் மாதிரி இருக்கும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் பூட்டி வையுங்கள், தொட்டால் கையைக் கழுவுங்கள். பாப்கார்னை மட்டும் ராத்திரி ஊறவைத்தேன். வாளிக்கு மூன்று மணி, ஓர் அங்குல ஆழம்.

நாலாம் நாள் ஊசி மாதிரி எட்டிப் பார்த்தது. அந்த ஊசி இலை இல்லை, உறை. அதைக் கிழித்துக்கொண்டு வருகிற முதல் இலையின் நுனி மழுங்கலாக, கட்டை விரல் போல இருக்கும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் கூர்நுனி. இருபது வருஷம் சோளக்காட்டில் வளர்ந்தவன் இதைப் பார்த்ததே இல்லை. குனிந்தால்தானே.

ஏழாம் நாள் காலையில் வீட்டில் கூப்பிட்டார்கள். “ஏங்க, கூரையில இருந்து தண்ணி சொட்டுது பாருங்க.” சொட்டவில்லை. ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு துளி நின்றது, கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, விளக்கு வெளிச்சம் தலைகீழாகத் தெரிகிற அளவுக்குத் தெளிவாக. ராத்திரி வேர் உறிஞ்சிய தண்ணீரை இலை ஆவியாக்க முடியாதபோது நுனி வழியே தள்ளிவிடும். காட்டில் இதைப் பனித்துளி என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். ஹாலில் பனி ஏது?

18-ஆம் நாள் செடிகளைக் குறைத்தேன். வாளிக்கு இரண்டு போதும் என்று, மூன்றில் நோஞ்சானாகத் தெரிந்ததைக் கத்தரிக்கோலால் மண்ணை ஒட்டி வெட்டினேன். பிடுங்கினால் பக்கத்து வேர் அசையும் என்பதால் வெட்டு. பாப்கார்ன் வாளியில் வெட்டியது போய்ச் சேர்ந்தது. வீரிய ரகத்தில் வெட்டிய இடத்திலிருந்து இரண்டே நாளில் பச்சைக் குச்சி ஒன்று மேலே வந்தது. வெட்டுப்பட்ட இலைகளின் நடுவிலிருந்து, முனை நேர்க்கோடாக அறுபட்ட இலை. விசாரித்தால் விஷயம் இதுதான்: ஐந்தாறு இலை விடும் வரை சோளத்தின் வளர்முனை மண்ணுக்குள்ளேயே இருக்கும். மேலே ஆடு மேய்ந்தாலும் கத்தரிக்கோல் மேய்ந்தாலும் உயிர் கீழே பத்திரமாக இருக்கும். அப்பாவிடம் சொன்னபோது, “முயலு கடிச்சது தழையும்ல, அதான்” என்றார், இது தெரியாதா என்கிற குரலில். மகள் இரண்டாம் தடவை வெட்ட விடவில்லை. அதே நேரத்தில் அந்த வாளியில் வெட்டுப்படாத இன்னொன்று தானாகவே அழுகிப் போனதால், வெட்டுண்டது இரண்டில் ஒன்றாக நின்றுவிட்டது. இந்தச் செடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் ஆகும்போது கீழ் இலைகள் மஞ்சளாயின. எங்கே எப்படி மஞ்சளாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நுனியில் ஆரம்பித்து நடு நரம்பு வழியாகக் காம்பை நோக்கி ஆப்பு அடித்தது போல இறங்கினால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் பற்றாக்குறை. ஓரம் மட்டும் தீய்ந்தால் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம். நாற்றிலேயே ஊதா நிறம் ஏறினால் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். எனக்கு ஆப்பு. கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்துக் கரைத்து ஊற்றினேன். வயலில் அமிர்தம், ஹாலில் அது சவக்கிடங்கு. நாற்றம் ஒரு பக்கம், வாளியில் ஈசல் குஞ்சு போலச் சின்னஞ்சிறு கறுப்புக் கொசுக்கள் ஒரு பக்கம். மேல் மண்ணை ஒரு விரல் ஆழம் எடுத்துவிட்டு ஆற்று மணல் பரப்பியதும் கொசு குறைந்தது. பிறகு யூரியாவுக்கு மாறினேன், லிட்டருக்கு ஒரு கிராம், பத்து நாளைக்கு ஒருமுறை. இயற்கை விவசாய நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் வீட்டு ஹாலில் புண்ணாக்கு கரைத்துவிட்டு வந்து பேசட்டும்.

நாற்பதாம் நாள்வாக்கில் அடிக்கணுவிலிருந்து விரல் விரலாக வேர் புறப்பட்டது. ஊன்றுகோல் மாதிரி நாலாபுறமும் இறங்கி மண்ணைப் பிடிக்கிற வேர். அதற்கு மேல் கணுவிலும் முளை கட்டியது, ஆனால் மண்ணை எட்டவில்லை, கறுத்து நின்றுவிட்டது. மெக்சிகோவின் ஒஹாகா மலைகளில் ஒரு நாட்டுச் சோளம் உண்டு. பதினாறு அடிக்கு வளரும், தண்டில் பல கணுக்களில் இப்படி வேர் தொங்கும், அதிலிருந்து கொழகொழவென்று பிசின் வடியும். அந்தப் பிசினுக்குள் வாழும் பாக்டீரியா காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது. 2018-இல் ஆய்வாளர்கள் இதை விரிவாக வெளியிட்டார்கள். அதில் ஒரு கைப்பிடி விதை இருந்திருந்தால் புண்ணாக்கு சண்டையே வந்திருக்காது.

பூச்சி விஷயத்தில் அதிர்ஷ்டம்தான். அப்பா ஒவ்வொரு போனிலும் முதலில் கேட்டது, “குருத்துல புழு விழுந்துச்சா?” 2018-இல் படைப்புழு வந்த வருஷத்தை அவர் இன்னும் மறக்கவில்லை. குருத்துக்குள் மரத்தூள் போல எச்சம் கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். தினமும் டார்ச் அடித்துப் பார்த்தேன், இல்லை. கொசுவலை அடித்த ஜன்னல், மூன்றாவது மாடி. அசுவினி மட்டும் பூவில் வந்தது, ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

இனிமேல்தான் கதையே.

சோளத்தில் ஆணும் பெண்ணும் ஒரே செடியில், ஆனால் வேறு வேறு இடத்தில். உச்சியில் விரிவது ஆண் பூ. ஊரில் வெறுமனே ‘பூ’ என்போம், நான் வீட்டில் குடுமி என்று பெயர் வைத்திருந்தேன். இடுப்பில், இலைக் கக்கத்தில் வருவது பெண், அதாவது கதிர். கதிர் நுனியில் தொங்குகிற பட்டு ஒவ்வொன்றும் ஒரு மணியோடு கட்டப்பட்ட இழை. ஒரு பட்டுக்கு ஒரு மகரந்தத் துகள் கிடைத்தால் ஒரு மணி, கிடைக்காவிட்டால் அந்த இடம் பொக்கை. காற்று இதைச் செய்கிறது. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பார்கள், சோளத்தின் குடுமியும் அப்படித்தான். ஹாலில் காற்று இல்லை. ஃபேன் போட்டால் மகரந்தம் கதிருக்குப் போகாமல் சோபாவுக்குப் போகிறது. வேலைக்கு வரும் அக்கா பெருக்கிக்கொண்டே கேட்டார்: “என்ன சார், மஞ்சத்தூள் பாக்கெட் ஒடஞ்சிருச்சா?”

52-ஆம் நாள் பாப்கார்ன் இரண்டிலும் குடுமி விரிந்தது. செடி மூன்றரை அடி. நான் கையில் ஓவியத் தூரிகையோடு தயார். ஆனால் தூவுவதற்குப் பட்டு இல்லை. வயலில் குடுமி விரிந்து இரண்டு மூன்று நாளில் பட்டு வந்துவிடும். எனக்கு வந்தது 61-ஆம் நாள். அதற்குள் பாப்கார்ன் குடுமி காய்ந்து சருகாகிவிட்டது. மகரந்தத்தை எடுத்துப் பாட்டிலில் சேமிக்கலாமே என்று தோன்றும். அது அறை வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே செத்துப்போகும்.

ஏன் தாமதம் என்று தேடியபோது கிடைத்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. வெளிச்சம் குறைந்தாலும் தண்ணீர் குறைந்தாலும் செடி குடுமியை விட்டுக்கொடுக்காது, கதிரைத்தான் தள்ளிப்போடும். மகரந்தம் தயாரிப்பது மலிவு, மணியை வளர்ப்பது செலவு. கை இறுகும்போது செலவைத்தானே முதலில் தள்ளிப்போடுவோம்? உழவியல்காரர்கள் வறட்சி தாங்கும் ரகத்தைத் தேடும்போது இந்த இடைவெளியைத்தான் நாள் எண்ணிப் பார்க்கிறார்கள். குறைவாக இருந்தால் நல்ல ரகம். என் ஹாலில் ஒன்பது நாள். வெளிச்சப் பஞ்சம் ஒரு காரணம். இன்னொன்று, 55-ஆம் நாள் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் ஊருக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து கதவைத் திறந்தால் எல்லாத் தோகையும் வெங்காயத்தாள் மாதிரி உருண்டு நின்றன. வாளிக்கு ஒன்றரை லிட்டர் ஊற்றினேன், சாப்பிட்டு முடிப்பதற்குள் விரிந்துவிட்டன. வெளியே தெரிந்த சேதம் சரியாகிவிட்டது. உள்ளே கதிருக்கு என்ன ஆனது என்பது பட்டு வராதபோதுதான் தெரிந்தது.

சரி, பாப்கார்ன் பட்டுக்கு வீரிய ரகத்தின் மகரந்தத்தைப் போடுவோம் என்று முடிவெடுத்தேன். முதல் வீரியச் செடி 58-ஆம் நாள் பூத்தது. ஐந்தடி உயரம், கப்பி கடைசி வரை ஏறிவிட்டது, குடுமி இரண்டு டியூபுக்கு நடுவே புகுந்து விளக்குக்கு மேலே போய் நின்றது. காலை ஒன்பதரைக்கு மேல் தொட்டால்தான் பலன். அதற்குமுன் மகரந்தப் பைகள் திறந்திருக்காது, சென்னை ஈரப்பதத்தில் சில நாள் பதினொன்றாகும். குடுமிக்குக் கீழே மடித்த கறுப்புத் தாளைப் பிடித்து, தண்டில் ஒரு சுண்டு. அரிசி உமி அளவுள்ள பைகள் நூலில் தொங்கியபடி ஆடும். அவற்றின் நுனியில் உள்ள ஓட்டையிலிருந்து, மூக்குப்பொடி டப்பாவைக் கவிழ்த்தது போல, வெளிர் மஞ்சள் தூள் கொட்டும். தாளை நிமிர்த்தினால் வழுக்கிக்கொண்டு மடிப்பில் சேரும். அப்படியே கொண்டுபோய்ப் பட்டின் மேல் தட்டினேன். பட்டு லேசாகப் பிசுபிசுக்கும், மயிர் போல நுண்ணிய தூவி இருக்கும், தூள் ஒட்டிக்கொள்ளும். இதை நாலு நாள் தொடர்ந்து செய்தேன்.

பட்டு வளர்ந்துகொண்டே இருந்தது. முதலில் மகிழ்ச்சி. ஒரு சாண் ஆனது, தாடி போலத் தொங்கியது, மகள் அதற்கு ஜடை போட்டாள். மகரந்தம் பிடித்த பட்டு வளராது என்று பிறகுதான் படித்தேன். பிடித்த பட்டு ஒருநாளில் வாடத் தொடங்கும், மணியிலிருந்து கழன்றுகொள்ளும். தாடி நீளுவது, இன்னும் ஆள் வரவில்லை என்று அது காத்திருப்பதன் அடையாளம். நாலு நாள் தூவியும் எப்படி?

பாப்கார்ன் ரகங்கள் பலவற்றின் பட்டுக்குள் ஒரு காவல் இருக்கிறதாம். வயல் சோளத்தின் மகரந்தம் பட்டில் விழும், குழாயும் விடும், ஆனால் பாதி வழியில் நிறுத்தப்பட்டுவிடும். உள்ளே போகும் சாவி பாப்கார்ன் மகரந்தத்திடம் மட்டும்தான். எதிர்த்திசையில் தடை கிடையாது, பாப்கார்ன் தூள் வயல் சோளத்தில் தாராளமாக மணி பிடிக்கும். அமெரிக்காவில் பக்கத்து வயல் சோளத்தோடு கலக்காமல் பாப்கார்ன் போடுகிறவர்களுக்கு இது வரம். எனக்கு நாலு நாள் வேலை வீண். மளிகைக் கடையில் கிலோவுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்த பொருளுக்குள் இப்படி ஒரு ஜாதிக் கட்டுப்பாடு இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

முதல் வீரியச் செடிக்கும் அதே சிக்கல். 58-இல் பூத்தது 65-இல் தீர்ந்தது. அதன் பட்டு 66-ஆம் நாள் காலையில் எட்டிப் பார்த்தது. இரண்டாவது சுற்றும் பொக்கை என்று நினைத்து உட்கார்ந்திருந்தபோது மகள்தான் காட்டினாள். கத்தரிக்கோல் பட்ட செடி. ஒரு வாரம் பின்தங்கியிருந்த நோஞ்சான். அதன் குடுமி அன்றைக்கு முந்தின நாள்தான் விரிந்திருந்தது, சின்னது, நாலே கிளை. 66 முதல் 69 வரை தினமும் காலை பத்து மணிக்குக் கறுப்புத் தாளோடு நின்றேன். அலுவலகக் கூட்டத்தில் கேமராவை அணைத்துவிட்டு நின்றேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். 68-ஆம் நாள் பட்டின் ஒரு பக்கம் வாடியது. மறுபக்கம் வளர்ந்தது. பாதிக்குத்தான் தூள் எட்டியிருக்கிறது.

ஒரு மணிகூடக் காய்க்காத பாப்கார்ன் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். அதில் கீழ்க் கணுவில் இரண்டாவது கதிர் வந்தது. அதன் பட்டு வெளியே வந்த மறுநாளே ஒடித்துவிட்டேன். உரித்தால் சுண்டுவிரல் நீள பேபிகார்ன். பேபிகார்ன் என்பது மகரந்தம் சேராத பிஞ்சுக் கதிர்தானே, அதற்கு ஆணும் வேண்டாம், தூரிகையும் வேண்டாம். இரண்டு செடியிலுமாக மூன்று கிடைத்தன, நூடுல்ஸில் போட்டோம். வீட்டுக்குள் சோளம் வைத்து எதையாவது சாப்பிட்டே ஆக வேண்டும் என்பவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். கோவை வேளாண் பல்கலைக்கழகம் ‘கோ பி.சி. 1’ என்று பேபிகார்னுக்காகவே ரகம் வெளியிட்டிருக்கிறது. அடுத்து அதைத்தான் தேடப்போகிறேன்.

செலவுக் கணக்கும் போட்டேன். 80 வாட் 14 மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 1.12 யூனிட், மொத்தம் கிட்டத்தட்ட 100 யூனிட். டியூப், கப்பி, டைமர், நார்க்கழிவு எல்லாம் சேர்த்து 2,200 ரூபாய். கரண்ட் தனி.

88-ஆம் நாள், தூவியதிலிருந்து 22 நாள். முற்றவிட்டால் விதையாகும், ஆனால் மகள் பீச்சில் விற்பது மாதிரி சுட்டுத் தின்னத்தான் ஆசைப்பட்டாள். அப்பாவை வீடியோவில் வைத்துக்கொண்டே ஒடித்தோம். மடக்கிக் கீழே ஒரு முறுக்கு, ‘டக்’கென்று வந்துவிட்டது. மட்டையை ஒவ்வொன்றாக உரித்தாள். ஒரு பக்கம் வழுக்கை. மறுபக்கம் மஞ்சள் மணிகள், நெருக்கடி இல்லாததால் ஒவ்வொன்றும் உருண்டையாக, கோலிக்குண்டு போல. நகத்தால் குத்தினால் பால் வந்தது. எண்ணினாள். 41. வரிசையையும் எண்ணச் சொன்னேன், சோளத்தில் வரிசை இரட்டைப்படையாகத்தான் வரும். இந்தப் பொக்கையில் வரிசையை எங்கே கண்டுபிடிப்பது என்று கேட்டாள்.

கேஸ் அடுப்பில் கம்பி வலை வைத்துச் சுட்டு, எலுமிச்சைத் துண்டை மிளகாய்த்தூள் உப்பில் தொட்டுத் தேய்த்தோம். மாவாக இருந்தது, வீரிய ரகத்தில் இனிப்பு எதிர்பார்க்க முடியாது. ஒரு மணி ஐம்பது ரூபாய்க்கு மேல் என்று நான் சொன்னதும் வீட்டில் மெதுவாக மென்றார்கள். போனில் அப்பா கேட்டார்: “தட்டையை என்னடா பண்ணுவ? இங்க இருந்தா மாட்டுக்குப் போட்டிருக்கலாம்.”

நாலு தட்டையும் இன்னும் வாளியில் நிற்கின்றன, தோகை வெளுத்துக்கொண்டு வருகிறது. டிரசீனாவை அவற்றுக்கு முன்னால் நகர்த்தி வைத்திருக்கிறோம், வருகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்க.